மூன்று விரல்கள் தப்பிய விவரம்

ஜப்பானின் மிக்காவா வட்டாரத்தில் கார் இருக்கைக்கு இரும்புத் தாங்கி அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில், ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு தடவை சாகப் பார்த்துத் தப்பித்தாக வேண்டும். அது விதி. தப்பித்த விவரத்தைச் சீட்டில் எழுதி, மாதக் கடைசிக்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்தச் சீட்டுக்குப் பாதுகாப்புக் குழு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஆட்கள் அதைத் திக் சீட்டு என்பார்கள். நெஞ்சு திக்கென்றதா, எழுது. திக்கென்னாவிட்டாலும் எழுது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். கை போவதற்கு முன்பே, கை போகப் பார்த்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் கை பிழைக்குமே என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்திருக்கிறார். ஆனால் நல்ல எண்ணத்தை ஒரு குழுவின் கையில் கொடுத்தால் அது என்ன கோலத்தில் திரும்பி வரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. ஆளுக்கு இரண்டு என்று அளவு வைத்தார்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் பிரிவின் பெயர் சாப்பாட்டு அறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் தொங்கும். மாதம் தவறாமல் இரண்டு ஆபத்துக்கு மனிதன் எங்கே போவான்? புளுக ஆரம்பித்தார்கள். மாடிப்படியில் கால் இடறப் பார்த்தது. மிசோ சூப்பின் மூடியைத் திறந்தபோது ஆவி கண்ணில் அடிக்கப் பார்த்தது. திக் சீட்டை அவசரமாக எழுதும்போது பேனா முனை கையில் குத்தப் பார்த்தது.

இந்தப் புளுகில் கெட்டிக்காரர் ஹிபினோ தமோட்சு. வயது ஐம்பத்து மூன்று. இரும்புத் தகட்டை அமுக்கித் தாங்கியாக்கும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் பதினோரு வருடமாக நிற்கிறவர். பேசச் சொன்னால் வாயில் ஈ புகுந்த மாதிரி முழிப்பார். எழுதச் சொன்னால், படிக்கிறவனுக்கு வேர்த்துவிடும். தன்னுடைய இரண்டு போக, எழுத வராத பத்துப் பேருக்கும் அவரே எழுதிக் கொடுப்பார். கூலி, ஆளுக்கு ஒரு டப்பா காப்பி.

ஏழாம் நம்பரில் காலையில் அவர், மாலை ஷிப்டில் இவாசே சயோகோ. இவாசே ஏஜென்சி மூலம் வந்த பெண்மணி; மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஹிபினோவுக்கு ஒரு நாளில் வாய் திறக்கும் நேரம் அதுதான்.

வருடத் தொடக்கத்தில் ஆலைத் தலைவர் தொகாரி எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். "போன வருஷம் மட்டும் ரெண்டாயிரத்து எண்ணூத்தி முப்பத்திரண்டு தடவை நம்ம ஆட்கள் சாகப் பாத்திருக்காங்க. ஒருத்தர்கூட சாகல. இதுக்குப் பேருதான் தலைமை."

பின்வரிசையில் இவாசே முணுமுணுத்தார். "நான் நாலு தடவைதான் செத்தேன். மிச்சம் இருபதும் உங்க கைவண்ணம்."

"மெல்லப் பேசுங்க," என்றார் ஹிபினோ. சிரிப்பை அடக்கியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூன் மாதம், மழைக்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நிஜமாகவே ஒன்று நடந்தது. பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் சென்சார் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் குறுக்கே போகும். கை உள்ளே இருந்தால் மேலே இருக்கிற நூறு டன் கீழே இறங்கக் கூடாது. அன்றைக்கு இறங்கியது. அடித்த தாங்கியை எடுக்க ஹிபினோ வலது கையை விட்டிருந்தார். இழுத்துக்கொண்டார். கையுறையின் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் உள்ளே தங்கி, காகிதம் மாதிரி சப்பையாகி வெளியே வந்தது.

சிவப்புப் பித்தானை அமுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயம் என்றால் அதுதான் பயம். பதினோரு வருடம் எழுதிய எந்தச் சீட்டிலும் அவர் அதைச் சரியாக எழுதியிருக்கவில்லை.

பிரிவுத் தலைவர் கமியா ஓடி வந்தார். முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "கை இருக்குல்ல?"

"இருக்கு. சென்சார் வேலை செய்யல, தலைவரே. சரி பண்ற வரைக்கும் நிறுத்தி வெச்சுடலாம்."

"நிறுத்தினா மெஷின் ஓடற நேரம் நூத்துக்குத் தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போயிடும். சீட்டு எழுதுங்க. சீட்டு மேல போனா ரிப்பேர்காரங்க தானா வருவாங்க. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே."

ஹிபினோ எழுதினார். அலங்காரம் எதுவும் இல்லாமல், நடந்தது நடந்தபடி நான்கு வரி. மறுநாள் திரும்பி வந்தது. மேலே பென்சிலில் ஒரு குறிப்பு: ‘வழக்கமான உயிரோட்டம் இல்லை. நம்பும்படியாக இல்லை. காரணம் ஐந்து அடுக்கு ஆராயப்படவில்லை.’

ஐந்து அடுக்கு என்பது, ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஆணிவேரைத் தோண்டி எடுக்கிற முறை. கமியா வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றுகொண்டு ஹிபினோவை உட்கார வைத்தார்.

"ஏன் கையுறை கிழிஞ்சுது?"

"பிரஸ் தானா இறங்குச்சு."

"மெஷின் மேல பழி போடக் கூடாது, ஹிபினோ சான். மெஷினுக்கு மனசு கிடையாது. மனசு இருக்கறவங்க கிட்ட இருந்துதான் மேம்பாடு ஆரம்பிக்கணும். கை ஏன் அங்க இருந்துச்சு?"

"தாங்கிய எடுக்க."

"ஏன் எடுக்கணும்?"

"எடுக்கறதுதானே என் வேலை."

"சரி. கைய விடும்போது ஏன் பயம் வரல?"

"சென்சார் நிறுத்திடும்னு நம்பினேன்."

"ஏன் நம்பினீங்க?"

ஹிபினோ யோசித்துப் பார்த்தார். "அதுக்குத்தானே மாட்டியிருக்காங்க?"

கமியாவின் முகம் மலர்ந்துவிட்டது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார். ஆணிவேர்: ஹிபினோ அளவுக்கு மீறி நம்புகிறார். தீர்வு: நம்பிக்கையைக் குறைத்தல். பொறுப்பு: ஹிபினோ. கெடு: இம்மாத இறுதி. செலவு: இல்லை.

செலவு இல்லை என்ற அந்த வார்த்தைக்காகவோ என்னவோ, சீட்டு விறுவிறுவென்று மேலே ஏறியது. பிரிவு தாண்டி, ஆலை தாண்டி, தலைமையகத்துக்குப் போய், வருடாந்தர மேம்பாட்டு மாநாட்டில் மேடையேறத் தேர்வாகிவிட்டது. மாநாடு ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. அதே நாளில் தொழிற்சாலை விபத்தில்லாத இரண்டாயிரமாவது நாளைத் தொடப்போகிறது. தொகாரி அந்தப் பொருத்தத்தை நினைத்து நினைத்துப் பூரித்துப்போனார்.

ரிப்பேர்காரர் வரவில்லை. அட்டை ஒன்று வந்தது. ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் கழுத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ‘மேம்பாட்டுக்கு முந்தைய நிலை. மாநாட்டுக் குழு பார்வையிடும்வரை மாற்றம் செய்யாதீர்.’

"அப்போ அதுவரைக்கும் மெஷினை ஓட்டாமலாவது வைங்க," என்று ஹிபினோ கேட்டார். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் இரண்டாவது தடவையாக ஒரே விஷயத்தை அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

அந்த நேரம் பார்த்து தொகாரியே தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். வாரம் ஒரு தடவை, தலைவன் வேலை நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரஸ்ஸைக் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் குறித்துக்கொள்ளும் வேகத்தில் நிதானமாகப் பேசினார்.

"நான் நெனச்சா இதை இப்பவே சரி பண்ணச் சொல்லலாம். அது பெரிய விஷயமில்ல. ஆனா தலைவன் சரி பண்ணிட்டா ஆட்கள் யோசிக்கறத விட்டுடுவாங்க. பழுது பாக்கறத யாரு வேணா செய்யலாம். பழுதை மதிக்கறதுக்குத்தான் தலைமை வேணும். மெஷின் ஓடட்டும். ஓடாத மெஷின்ல என்ன கத்துக்க முடியும்?"

எல்லாரும் தலை குனிந்து வணங்கினார்கள். ஹிபினோவும் குனிந்தார்.

மூன்று மணிக்கு இவாசேயிடம் எல்லாவற்றையும் சொன்னார். இவாசே அட்டையைப் படித்தார், பிரஸ்ஸின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "சரி, அவங்க மதிக்கட்டும். நாம கைய விடாம பாத்துக்கலாம்."

மறுநாள் வீட்டிலிருந்து, எண்ணெயில் பொரிக்கும்போது புரட்டிப் போடுகிற நீளமான மூங்கில் குச்சி ஒரு ஜோடி கொண்டுவந்தார். "கொதிக்கிற எண்ணெயில யாராச்சும் கைய விடுவாங்களா? இதுவும் அப்படித்தான். உள்ள இருக்கறது என்னோட இறால்னு நெனச்சுக்குவேன்."

ஹிபினோவும் பழகிக்கொண்டார். குச்சியால் தாங்கியைக் கவ்வி எடுப்பது ஒரு நொடி மெதுவாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடியை வேறெங்கோ பிடித்து இருவரும் ஈடுகட்டினார்கள். மூன்று வாரம் ஓடியது. அந்தத் தொழிற்சாலையில் அந்த வருடம் நடந்த ஒரே மேம்பாடு அதுதான். அதற்கு மட்டும் சீட்டு எழுத வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மாநாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், ஒழுங்குக் குழு சோதனைக்கு வந்தது. மேஜையில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைகோடு, ஒரு பெயர், ஒரு இடம் இருக்க வேண்டும். குச்சிக்கு இல்லை.

"இது என்ன?"

"குச்சி," என்றார் ஹிபினோ.

"கருவிப் பட்டியல்ல இல்லையே. சமையல் சாமான் தளத்துக்கு வரக் கூடாது. மாநாட்டுக்காரங்க வந்து பாத்தா, மேம்பாட்டுக்கு முந்தைய நிலை எப்படி முந்தைய நிலையா இருக்கும்?" சிவப்புச் சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மணிக்கு இவாசே வந்தார். ஹிபினோ சொன்னதைக் கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டினார். "போகட்டும். நாளைக்கு வேற ஜோடி கொண்டு வரேன். இன்னிக்கு ஒரு நாள் பாத்து ஓட்டிக்கறேன்."

"வேணாம், இவாசே சான். நான் கமியாகிட்ட சொல்றேன்."

கமியாவிடம் போனார். கமியா அவர் தோளில் கை போட்டு, நேரே கூட்ட அறைக்கு அழைத்துப் போனார். அன்றைக்கு மேடைப் பேச்சுக்கு நான்காவது ஒத்திகை. "முதல்ல ஒத்திகை. மிச்சமெல்லாம் அப்புறம் பேசலாம். தலைமையகத்துல இருந்து ஆள் வந்து உக்காந்திருக்காரு."

ஹிபினோ போனார். அங்கேயே நின்றிருக்கலாம், தரையில் உட்கார்ந்து அடம்பிடித்திருக்கலாம், மெயின் ஸ்விட்சை அணைத்திருக்கலாம். பிற்பாடு இதையெல்லாம் நினைத்து நினைத்து மனம் வெந்தார். அந்த நிமிடத்தில், ஆள் காத்திருக்கிறார் என்றதும் அவர் கால்கள் போய்விட்டன.

"அந்த நொடியில் என் நெஞ்சு திக்கென்றது," என்று வாசித்தார்.

தலைமையகத்து ஆள் கையை உயர்த்தினார். "அங்க கொஞ்சம் நிறுத்துங்க. திக்குனு சொல்லும்போது மூச்சை உள்ள இழுக்கணும். கண்ணு விரியணும். கூட்டம் உங்களோட சேந்து பயப்படணும். இன்னொரு தடவை."

"அந்த நொடியில் என் நெஞ்சு—"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பரின் தாளம் அறுந்தது. பதினோரு வருடம் கேட்ட தாளம், அவருக்குத் தெரியாதா. பிறகு ஒரு குரல் கேட்டது. இவாசே பாட்டுப் பாடுவார், திட்டுவார், சிரிப்பார். அந்தக் குரல் இதில் எதிலும் சேர்த்தி இல்லை.

தலைமையகத்து ஆள் ஹிபினோவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதோ, இதுதான். இதே முகம்."

இவாசேயின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. வாசலில் சைரன் கேட்டால் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் பார்ப்பார்கள். கமியா தன் சொந்தக் காரின் பின்சீட்டில் நீலப் பாய் விரித்து இவாசேயை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏழாம் நம்பரைத் துடைத்து, நாற்பது நிமிடத்தில் வேறொருவரை நிறுத்தி ஓட்டினார்கள். கழுத்தில் அட்டை அப்படியே தொங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கமியாவின் கார் இவாசேயை வீட்டு வாசலிலிருந்து ஏற்றி வந்து கூட்ட அறையில் உட்கார வைத்தது. ஒரு ஆள் அடிபட்டு மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் விபத்து என்று கணக்கு. வந்துவிட்டால் விபத்தில்லை. எனவே வந்தார். மேஜை மேல் ஒரு தலையணை, அதன் மேல் கட்டுப்போட்ட கை, பக்கத்தில் ஒரு கோப்பை பார்லித் தேநீர். விபத்தில்லாத நாட்களைக் காட்டும் வாசல் பலகையில் எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ஆனது.

ஹிபினோவையும் கூப்பிட்டார்கள். கமியாவின் கண் சிவந்திருந்தது; அந்த மனிதனும் தூங்கவில்லை போல. வெற்றுத் திக் சீட்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

"இவாசே சானால எழுத முடியாது. நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"திக் சீட்டா? இது நடந்துபோச்சே, தலைவரே. நடக்கப் பாத்தாத்தானே திக் சீட்டு?"

"ஆலைத் தலைவர் ராத்திரி முழுக்க யோசிச்சிருக்காரு. கைல மொத்தம் அஞ்சு விரல். ரெண்டு போச்சு. அதை விட்டுடுவோம், போனது போனதுதான். மிச்சம் மூணு விரலை எடுத்துக்கோங்க. அதுங்களுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. மயிரிழையில தப்பிச்சுது. அந்த மூணு விரலைப் பொறுத்தவரைக்கும் இது விபத்து நடக்கப் பாத்த சம்பவம். எழுத வேண்டியது அதைத்தான்."

ஹிபினோ சீட்டைத் திருப்பித் தள்ளினார். "நான் எழுத மாட்டேன்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய் என்று தெரிந்தது.

கமியா கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

இவாசேயின் முகம் வெளிறிப்போயிருந்தது. மாத்திரையின் மயக்கத்தில் வார்த்தை மெதுவாக வந்தது. "எழுதுங்க, ஹிபினோ சான்."

"எப்படி எழுதறது? தொழிலாளர் துறைக்குப் போவோம். நான் வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லுவீங்க. அவங்க வந்து பாப்பாங்க, அபராதம் போடுவாங்க. ஏஜென்சி அன்னிக்கே என் பேரை அடிச்சுடும். செப்டம்பர்ல ஒப்பந்தம் முடியுது. சீட்டு எழுதினா புதுப்பிச்சுத் தரோம்னு ஆலைத் தலைவர் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்காரு. பழம் வாங்கிட்டு வந்தாரு. இந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற எங்க போய் நிப்பேன்? யாரு எடுப்பாங்க?"

"நான் ஒத்திகைக்குப் போயிருக்கக் கூடாது."

"போயிருக்கக் கூடாதுதான்." இவாசே அதை மறுக்கவில்லை. "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. குச்சிய எடுத்துட்டுப் போனவன் மேல இருக்கு. எல்லார் மேலயும் இருக்கு. ஆனா இப்போ எனக்கு வேலை வேணும். நல்லா எழுதுங்க. ஏனோதானோன்னு எழுதி, திரும்பி வந்துடப் போகுது."

ஹிபினோ எழுதினார். மோதிர விரல், சுண்டு விரல், கட்டை விரல் மூன்றும் எப்படித் தப்பின என்று எழுதினார். நெஞ்சு எப்படித் திக்கென்றது என்று எழுதினார். எழுதும்போது கண்ணீர் தாளில் விழ, இரண்டு தடவை வேறு தாள் எடுக்க வேண்டியிருந்தது. தீர்வு என்ற கட்டத்தில் மட்டும் ஒரே வரி எழுதினார்: ‘சென்சாரை இன்றே சரிசெய்ய வேண்டும்.’

மாலையில் சீட்டு திரும்பி வந்தது. எல்லாம் அருமை என்று குறிப்பு. தீர்வுக் கட்டம் மட்டும் அழிக்கப்பட்டு, தொகாரியின் கையெழுத்தில் வேறு எழுதியிருந்தது. ‘விரல் நீட்டிச் சொல்லும் பழக்கத்தைத் தீவிரப்படுத்துதல். சம்பந்தப்பட்டவரே தலைமை ஏற்று நடத்துவார். செலவு: இல்லை.’

விரல் நீட்டிச் சொல்வது அங்கே ரயில்வேயிலிருந்து தொழிற்சாலை வரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை தொடங்கும் முன் ஆள்காட்டி விரலை நேராக நீட்டி, பார்க்க வேண்டியதைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, சரி என்று உரக்கக் கூற வேண்டும். கண்ணும் விரலும் வாயும் ஒன்றாகச் சேர்ந்தால் தவறு வராது என்பது கொள்கை.

திங்கட்கிழமை காலை ஷிப்டின் ஐம்பத்தொன்பது பேரும் ஏழாம் நம்பரின் முன்னால் வரிசையாக நின்றார்கள். தொகாரி பேசினார். "அடிபட்டவங்கள மூலையில உக்கார வைக்கிற கம்பெனி எத்தனையோ இருக்கு. நாம அப்படியில்ல. நாம அவங்களத் தலைவரா ஆக்கறோம். தலைமைங்கறது பதவி இல்ல. அது விரல் நுனியில இருக்கு. இவாசே சான், வாங்க."

இவாசே முன்னால் வந்து நின்றார். எந்தக் கையை நீட்டுவது என்று கமியாவைப் பார்த்தார். கமியா கையில் இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார். "வலது கைன்னுதான் போட்டிருக்கு."

இவாசே வலது கையைத் தூக்கினார். வெள்ளைத் துணிப் பொதி ஒன்று பிரஸ்ஸை நோக்கி எழுந்து நின்றது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்ட எதுவும் இல்லை.

"சென்சார், சரி," என்றார்.

ஐம்பத்தெட்டு விரல்கள் நீண்டன. "சென்சார், சரி."

தொகாரிக்குக் காது கூர்மை. "ஒரு குரல் குறையுது. ஹிபினோ சான் வாயத் திறக்கல. அவர் மட்டும் இன்னொரு தடவை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹிபினோ இவாசேயைப் பார்த்தார். தூக்கிய கையை இவாசே இன்னும் இறக்கவில்லை. வலியில் உதடு துடித்தது. சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

ஹிபினோ வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். அது முழுசாக இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சென்சார், சரி," என்றார்.

தொகாரி கைதட்டினார். இவாசே கையை இறக்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனார். கமியா வாசலுக்குப் போய்ப் பலகையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து என்று மாற்றினார். ஆட்கள் கலைந்து அவரவர் மெஷினுக்குப் போனார்கள். ஏழாம் நம்பரின் வாய்க்குள் முதல் தாங்கி அடிபட்டுக் கிடந்தது. ஹிபினோ கையை உள்ளே விட்டார்.